தாகமும் எடைக் குறைவும்: அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி:

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஒன்றரை மாதமாகத் தண்ணீர் தண்ணீர் என்று அலைகிறாள். ராத்திரியில் மூன்று, நான்கு தடவை எழுந்து பாத்ரூம் போகிறாள். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். ஆனால் ஆடிப் பண்டிகைக்குத் தைத்த பாவாடை இப்போது இடுப்பில் நிற்கவில்லை. பள்ளியில் 46 கிலோ என்று எழுதியிருந்தார்கள். போன வாரம் மிளகு எடை போடும் தராசில் நிறுத்தினால் 40 காட்டியது. பக்கத்து வீட்டு அக்கா தன்னுடைய சுகர் மெஷினில் சாயங்காலம் பார்த்ததில் 286. "அந்த மெஷின் பழசு, கையில் ஆரஞ்சு உரித்த சாறு இருந்திருக்கும்" என்கிறார் வீட்டுக்காரர். மாமியாருக்கு 12 வருடமாகச் சர்க்கரை. "ஒல்லிப் பிள்ளைக்கு ஏது சர்க்கரை, வயசுக்கு வந்த பிள்ளை இளைக்கத்தான் செய்யும்" என்கிறார் அவர். வீட்டில் குண்டு என்றால் மகன்தான். 16 வயது, 84 கிலோ, கழுத்தெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. பார்ப்பதென்றால் அவனுக்குத்தானே பார்க்க வேண்டும்? மகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு நாள் வெறும் வயிற்றோடு சேலத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறோம். அதுவரை வெந்தயம் கொடுக்கலாமா? சோற்றை நிறுத்தலாமா? இது வெளியே தெரிந்தால் நாளைக்கு அவள் கல்யாணத்துக்கு இடைஞ்சலாகுமோ என்றும் பயமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

பதில்:

சகோதரி, தேர்வு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்று நாளைக் காலைக்குத் தள்ளவும் வேண்டாம். மகள் இப்போதுதான் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். பதில் வெளியாகும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் இந்த மூன்று வரியை முன்கூட்டியே உங்கள் எண்ணுக்கு அனுப்பிவிட்டோம். இங்கே விரிவாக எழுதுவது, இதே சந்தேகத்தோடு இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதற்காக.

அடங்காத தாகம், தூக்கத்தைக் கெடுக்கும் சிறுநீர், சாப்பிட்டும் இறங்கும் எடை, 286 என்ற எண். இதில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் பத்துக் காரணம் சொல்லலாம். நான்கும் ஒரே பிள்ளையிடம், அதுவும் ஒன்றரை மாதத்துக்குள் வந்தால், முதலில் டைப் 1 சர்க்கரை நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது இல்லை என்று தெரிந்த பிறகு மற்றதை யோசித்துக்கொள்ளலாம். 46 கிலோவில் 6 கிலோ என்பது உடம்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. மிளகுத் தராசு ஒரு கிலோ முன்னே பின்னே காட்டியிருக்கலாம். பாவாடை பொய் சொல்லாது.

உங்கள் வீட்டில் எல்லோரும் மாமியாரின் சர்க்கரையை அளவுகோலாக வைத்துப் பேசுகிறீர்கள். குழப்பம் அங்கேதான் வருகிறது. பெரியவர்களுக்கு வரும் டைப் 2 வருடக் கணக்கில் மெதுவாகப் போவது. அதில் இந்த வாரம் பார்த்தாலும் அடுத்த மாதம் பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. உடம்பு பெருத்தவர்களுக்கே அது அதிகம் வருகிறது. டைப் 1 வேறு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுவதால் வருவது. ஒல்லியான பிள்ளை, குண்டான பிள்ளை என்ற பேதம் அதற்கு இல்லை. 10 முதல் 14 வயதுக்குள் அதிகம் தலைகாட்டும். வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் வேறு யாருக்கும் டைப் 1 இருக்காது. மிட்டாய் அதிகம் தின்றதால் வருவதும் அல்ல, ஆகவே யார் வாங்கிக் கொடுத்தது என்ற விசாரணை வேண்டாம். அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு அது வாரக் கணக்கில் முற்றும். கடைசிக் கட்டத்தில் மணிக் கணக்கு.

உள்ளே நடப்பது இதுதான். இன்சுலின் இல்லாவிட்டால் சாப்பாட்டின் சர்க்கரை தசைக்குள் போகாமல் ரத்தத்திலேயே தேங்கும். 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாது. சிறுநீரில் வழியும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படி இழந்த தண்ணீருக்காகத்தான் தாகம். "நிறையத் தண்ணி குடிக்கிறா, அதான் நிறையப் போறா" என்று வீடுகளில் சொல்வது தலைகீழ்: நிறையப் போவதால்தான் குடிக்கிறாள். இது தெரியாமல் ராத்திரியில் செம்பை ஒளித்துவைக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிறுநீர் குறையாது, உடம்புதான் வறண்டுபோகும். இதற்கிடையில், பட்டினி கிடப்பதாக நினைத்து உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரிக்கத் தொடங்கும். எடை இறங்குவது அதனால். கொழுப்பு எரிந்து வரும் கீட்டோன் ஓர் அமிலம். அது ரத்தத்தில் ஏற ஏறத்தான் ஆபத்து.

கீழே சேலத்தில், சித்திரை வெயிலில் என்றால் தாகத்துக்கு வெயில் மேல் பழி போடலாம். ஏற்காட்டில், கார்த்திகைக் குளிரில், நடு ராத்திரியில் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கும் பிள்ளைக்கு எந்த வெயில்? குளிருக்கு யூரின் அதிகம் போகும் என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் குளிருக்காகப் போகிறவர்களுக்குத் தாகம் எடுக்காது, எடை இறங்காது. 14 வயதுப் பெண்ணுக்கு இந்த ஊரில் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும். நான்கு லிட்டர், ஐந்து லிட்டர் என்று போனால் அது பழக்கமல்ல. இதை அளந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று இன்னொரு நாளைக் கடத்த வேண்டாம்; பள்ளிக்குக் கொண்டு போகும் பாட்டிலை நேற்று எத்தனை முறை நிரப்பினாள் என்று அவளிடம் கேட்டாலே கணக்கு கிடைத்துவிடும்.

இந்த வயதில் பிள்ளைகள் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். பெண் பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்வார்கள், வீட்டுக்கு வந்ததும் ஓடுவார்கள். சிறுநீரில் சர்க்கரை போவதால் பூஞ்சைத் தொற்று வந்து பிறப்புறுப்பில் அரிப்பு, வெள்ளைப்படுதல் இருக்கலாம். அதற்கு மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசி மறைத்துவிடுவார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். போர்டில் எழுதுவது மங்கலாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள். சர்க்கரை ஏறினால் கண்ணின் லென்ஸ் வீங்கிப் பார்வை மாறும். அந்த நேரத்தில் கண்ணாடி போட்டால் சர்க்கரை இறங்கிய சில வாரத்தில் அந்தப் பவர் பொருந்தாது, காசு வீண். எப்போதோ நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பி வருவதும் ஓர் அறிகுறி. சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது பாட்டி காலத்துச் சோதனை. மொய்த்தால் சந்தேகம் வலுக்கும், மொய்க்கவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

இனி அந்த 286. உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆரஞ்சோ பலாவோ தொட்ட விரலில் ஊசி குத்தினால் மெஷின் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துத்தான் காட்டும். தேதி முடிந்த ஸ்ட்ரிப்பும், மூடி சரியாக மூடாமல் ஈரம் இறங்கிய ஸ்ட்ரிப்பும் தப்பாகக் காட்டும். ரத்தசோகை அதிகமாக இருந்தாலும் எண் கொஞ்சம் கூடும். சரி, இதற்கெல்லாம் செய்ய வேண்டியது என்ன? சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவைத்து, மறுபடி பார்ப்பதுதான். "மெஷின் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் இருப்பது எப்படிப் பதிலாகும்? ஒழுங்கான குளுக்கோமீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 15 சதவீதம். 286-ல் 15 சதவீதம் கழித்தாலும் 243. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நல்ல எண் இல்லை. கூடவே ஒன்று: பக்கத்து வீட்டு மெஷினைக் கடன் வாங்கலாம், குத்தும் பேனாவையும் ஊசியையும் வாங்கக் கூடாது. ஊசியை மாற்றினாலும் பேனாவின் முனையில் ஒட்டிய ரத்தத்தால் ஹெபடைடிஸ் பி பரவ வழி உண்டு. புது லேன்செட் (விரலில் குத்தும் ஊசி) தனியாகக் கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை.

எங்கே போவது? முதல் சோதனைக்கு மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விரல் நுனி ரத்தத்தில் பார்த்துவிடலாம், ஒரு நிமிட வேலை. அங்கே போய் நீங்கள் பேசும் முதல் வாக்கியம் முக்கியம். "பிள்ளைக்குச் சோர்வா இருக்கு" என்று ஆரம்பித்தால் சத்து மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். "ஒன்றரை மாசத்துல 6 கிலோ குறைஞ்சிருக்கா, ராத்திரி நாலு தடவை யூரின் போறா, வீட்டு மெஷின்ல சுகர் 286. இப்பவே சுகரும், யூரின்ல கீட்டோனும் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். பள்ளியில் எழுதிய எடை அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டு வந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

எண்களை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். இப்படி அறிகுறிகள் உள்ள பிள்ளைக்கு, சாப்பிட்டது சாப்பிடாதது எந்த நேரமானாலும், ரத்தச் சர்க்கரை 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் உறுதி. வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் என்ற வரம்புகளும் உண்டு. அவை பெரும்பாலும் அறிகுறி இல்லாதவர்களைச் சலித்தெடுக்க உதவுபவை. உங்கள் மகளுக்கு ஹெச்பிஏ1சி-யை மட்டும் நம்பக் கூடாது. நோய் வேகமாக வந்த பிள்ளைக்கு மூன்று மாதச் சராசரி இன்னும் ஏறாமல் இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் காரணமில்லாமல் ஏறியும் காட்டலாம். குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை அவளுக்குத் தேவையே இல்லை. ஏற்கெனவே 286 இருக்கும் பிள்ளைக்கு மேலும் குளுக்கோஸ் புகட்டுவானேன்?

லேபில் கை நரம்பில் எடுத்த ரத்தத்தை வைத்து உறுதி செய்வது முறை. இதில் மலைவாசிகளுக்கு ஒரு சிக்கல். ரத்தத்தை மேலே எடுத்து, சேலத்து லேபுக்கு அனுப்பினால், வழியில் அந்த ரத்தத்தின் செல்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சாதாரணக் குழாயில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். மூன்று மணி நேரம் ஆனால் 230 என்பது 200-க்குக் கீழே வந்துவிடலாம், வீட்டில் எல்லோரும் "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகிவிடுவார்கள். சர்க்கரைக்கு என்று ஃபுளோரைடு போட்ட, சாம்பல் நிற மூடிக் குழாய் இருக்கிறது. அதில்தான் எடுக்கிறார்களா என்று கேட்பதில் தப்பில்லை. அப்படியும், லேப் முடிவு வரும்வரை விரல் நுனிச் சோதனையில் வந்த எண்ணைக் கிடப்பில் போடக் கூடாது. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் எதுவும் இப்போது வேண்டாம்.

சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை மலிவு. புதிதாகப் பிடித்த சிறுநீரில் நனைத்து, சீசாவில் போட்டிருக்கும் நொடிக் கணக்குப்படி காத்திருந்து, நிறத்தை ஒப்பிட வேண்டும். நேரம் தவறினால் நிறம் மாறிக் குழப்பும். இளம் பழுப்பாகவே நின்றால் நல்லது. ஊதா ஏற ஏற ஆபத்து. சர்க்கரை 200-ஐத் தாண்டி, கீட்டோனும் இருந்தால் அன்றைக்கே படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவு பகல் இயங்குகிறது. 14 வயது என்பதால் குழந்தைகள் பிரிவா, பொது மருத்துவமா என்று சீட்டுப் போடும் இடத்தில் அலைக்கழிப்பு வரலாம், ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கீட்டோன் இல்லாவிட்டாலும் சர்க்கரை மருத்துவரையோ குழந்தை மருத்துவரையோ அதே நாளில் பார்த்தாக வேண்டும்.

இனி சொல்வதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், தவறு அதிகம் நடக்கும் இடம் இது. கீட்டோன் அமிலம் ஏறினால் முதலில் வயிற்று வலியும் வாந்தியும் வரும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் பிள்ளை வாந்தி எடுத்தால் யாரும் சட்டை செய்வதில்லை. புளிப்பு மிட்டாய் கொடுத்து ஜன்னல் ஓரம் உட்காரவைப்பார்கள். மலைப்பாதை வாந்தி கீழே இறங்கி அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். வீட்டில் இருக்கும்போதே வாந்தி வந்தாலோ, அடிவாரம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, தாகமும் எடைக் குறைவும் உள்ள பிள்ளைக்கு அது வளைவினால் வந்த வாந்தி என்று விடக் கூடாது. வாந்தியால் தண்ணீர் தங்காது, சிறுநீரோ போய்க்கொண்டே இருக்கும். அப்போது சில மணி நேரத்திலேயே உடம்பு வற்றிவிடும். அடுத்து மூச்சு மாறும். ஓடி வந்தவள் போல ஆழமாக, வேகமாக, படுத்திருக்கும்போதும் இழுத்து இழுத்து விடுவாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் சளி இருக்காது. வாயில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை, அல்லது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வரும். எல்லோருக்கும் அந்த வாடை தெரியாது, தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். கூப்பிட்டால் அரைத் தூக்கத்தில் பதில் சொல்வாள். வாந்தி, மூச்சு, மயக்கம் இந்த மூன்றில் ஒன்று தென்பட்டாலும் பஸ் வேண்டாம், பைக்கில் நடுவில் உட்காரவைத்து அழைத்துப் போவதும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், சர்க்கரை எண்ணைப் போனிலேயே சொல்லுங்கள். மெஷினில் எண் வராமல் ஆங்கிலத்தில் "ஹை" என்று வந்தால் அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பல மெஷின்களில் அது 600-க்கு மேல்.

இந்த வயிற்று வலியைக் குடல்வால் என்றும், மூச்சை ஆஸ்துமா என்றும், சோர்வை டைபாய்டு என்றும் எடுத்துக்கொள்வது நடக்கிறது. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, "பிள்ளை துவண்டு கிடக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாமே கேட்டு வாங்குவது. அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது, அது நேராக ரத்தத்துக்குப் போகும். எந்தப் பிள்ளைக்கும் டிரிப்ஸ் போடும் முன் விரலில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவமனையில் முதலில் ஏற்றுவது உப்புக் கரைசலான நார்மல் சலைன்தான். இன்சுலின் ஓடி, சர்க்கரை ஓரளவு இறங்கிய பிறகு குளுக்கோஸையும் சேர்ப்பார்கள். அது சரியான முறை. அதைப் பார்த்து "சர்க்கரை நோய்க்கே குளுக்கோஸா" என்று அங்கே சண்டைக்குப் போய்விடாதீர்கள். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. சர்க்கரை பார்த்துவிட்டு வந்து கட்டுங்கள்.

வெந்தயத்தால் தீமை இல்லை. சாப்பாட்டின் சர்க்கரை குடலிலிருந்து ஏறும் வேகத்தை அதன் நார் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இன்சுலினே சுரக்காத உடம்பில் அது எதையும் ஈடுகட்டாது. அதனால் வரும் கேடு, "ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்" என்ற எண்ணத்தில் நாள் ஓடிவிடுவதுதான். சோற்றை நிறுத்தவே கூடாது. ஏற்கெனவே தசை கரையும் பிள்ளையைப் பட்டினி போட்டால் கீட்டோன் இன்னும் ஏறும். வழக்கமான சாப்பாடு சாப்பிடட்டும். நிறுத்த வேண்டியது தாகத்துக்கென்று கொடுக்கும் இனிப்புப் பானங்களை: குளுக்கோஸ் பவுடர், பாட்டில் ஜூஸ், கரும்புச் சாறு, சர்க்கரை போட்ட ஆரஞ்சுச் சாறு. வெறும் தண்ணீர், கேட்கும் அளவுக்கு. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாமியாருக்கு வீட்டுக்கே வரும் சர்க்கரை மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடாது. அந்த மாத்திரைகள் இன்சுலின் சுரக்கும் உடம்புக்கானவை.

டைப் 1-ஆகத் தோன்றினால் அன்றைக்கே இன்சுலின் தொடங்கும். ஊசி என்றதும் கடைசிக் கட்டம் என்று நினைப்பது பெரியவர்களைப் பார்த்து வந்த பயம். இங்கே உடம்பில் இல்லாத ஒன்றைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். 1922 ஜனவரியில் டொரண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போடப்பட்ட சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கும் 14 வயதுதான், அப்போது அவன் எடை 30 கிலோகூட இல்லை. சாகக் கிடந்தவன், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அன்றைய கரடுமுரடான மருந்துக்கே அது. இன்றைக்கு மெல்லிய ஊசியும் பேனாவும் இருக்கின்றன, அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. தொடங்கிய சில வாரத்தில் தேவைப்படும் அளவு குறையும், சிலருக்கு மிகச் சிறிய அளவே போதுமானதாக இருக்கும். "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடும் விபத்து அந்த நாட்களில்தான் நடக்கிறது. மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்ச நாள் கைகொடுப்பதால் வரும் தணிவு அது, நிலைக்காது. டைப் 1-தானா என்று உறுதிப்படுத்த ஆன்டிபாடி (பீட்டா செல்களுக்கு எதிராக உடம்பில் உருவாகும் பொருள்), சி-பெப்டைடு (உடம்பு தானாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது) பரிசோதனைகள் பிறகு சொல்வார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும், அதற்காக இன்சுலினைத் தள்ளிப் போட மாட்டார்கள்.

கல்யாணக் கவலையை நீங்கள் எழுதியதில் வியப்பில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு படித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளியில் மட்டும் மறைக்காதீர்கள். வகுப்பு ஆசிரியைக்குத் தெரிந்திருந்தால்தான் பாத்ரூம் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்காது, இன்சுலினால் சில நேரம் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிக் கை நடுங்கும்போது வகுப்பிலேயே எதையாவது சாப்பிட முடியும். அரையாண்டுத் தேர்வைத் தவறவிட்டால் மருத்துவச் சான்றிதழ் போதும்.

சோதனையில் சர்க்கரை சரியாகவே இருந்துவிட்டால்? அப்போதும் விட்டுவிட முடியாது. நாளுக்கு நான்கு லிட்டர் சிறுநீர் போவதற்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியோ சிறுநீரகமோ காரணமாகலாம். எடை இறங்குவதற்குத் தைராய்டோ காசநோயோ காரணமாகலாம். மருத்துவர் அந்தப் பக்கம் தேடுவார்.

கடைசியாக உங்கள் மகன். அவனுக்கும் பார்க்க வேண்டும்தான், ஆனால் வேறு வேகத்தில். கழுத்தில் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருப்பது அழுக்கல்ல. மஞ்சள் தேய்த்தும் பீர்க்கங்கூடு போட்டு உரசியும் போகாது, தோல்தான் புண்ணாகும். அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்கு மசியாததால், இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதன் அடையாளம் அது. பாட்டிக்குச் சர்க்கரை, கூடிய எடை, கறுத்த கழுத்து. டைப் 2-வுக்குச் சலித்துப் பார்க்க இது போதும். அவனைக் கருவுற்றிருந்தபோது உங்களுக்குச் சர்க்கரை இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாகமோ எடைக் குறைவோ இல்லாதவரை அவனுக்கு ஓரிரு வாரத்தில் ஒரு காலை வேளை போதும். 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல் போய், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சி-யும், ரத்த அழுத்தமும் பார்க்கட்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் எல்லையில் நிற்கிறான். 126, 6.5 என்ற வரம்பைத் தொட்டால், அறிகுறி இல்லாததால் இன்னொரு முறையும் பார்த்தே உறுதி செய்வார்கள். எல்லாம் சரி என்று வந்தாலும் மூன்று ஆண்டுக்குள் மறுபடி பார்க்க வேண்டும், எடை கூடிக்கொண்டே போனால் அதற்கும் முன்பே. தங்கையை அழைத்துப் போகும் அன்றைக்கே அவனுக்கும் எடுத்துவிடலாம் என்று இருவரையும் வெறும் வயிற்றோடு காலைக்குக் காத்திருக்க வைக்காதீர்கள். அவள் இன்றைக்கு, அவன் பிறகு.